பைப்பில் வாங்கினால் எடை தாமதமாக வருகிறது: மூல நிரல் இல்லாத செயலியைப் போலி முனையத்தில் ஓட்டுவது எப்படி?

பெருந்துறை_எடைமேடை · திங்கள், இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். பெருந்துறை சிப்காட் பக்கம் ஒரு எடைமேடையில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எடைக் காட்டியிலிருந்து சீரியல் கம்பி வழியாக எடையை வாங்கித் திரையில் வரிவரியாக எழுதும் செயலி ஒன்று அங்கே லினக்ஸில் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். மூல நிரல் யாரிடமும் இல்லை. அந்த வரிகளை என்னுடைய சி நிரலில் வாங்கி, அலுவலகத் திரைக்கும் உரிமையாளரின் கைப்பேசிக்கும் அனுப்ப வேண்டும்.

பைப், ஃபோர்க், டப்2, எக்ஸெக் என்று (குழாய் அமைத்து, பிள்ளைச் செயலாக்கத்தைப் பிறப்பித்து, அதன் வெளியீட்டைக் குழாயில் கட்டி, செயலியை ஓட்டும்) வழக்கமான முறையில்தான் எழுதியிருக்கிறேன். செயலியை நேராக முனையத்தில் ஓட்டினால் வினாடிக்கு ஒரு வரி ஒழுங்காக வருகிறது. பைப்பில் வாங்கினால் மூன்று நிமிடம்போல ஒன்றுமே வருவதில்லை. பிறகு மொத்தமாகக் கொட்டுகிறது. தேங்காய்ப் பருப்பு ஏற்றிய லாரி மேடையை விட்டு இறங்கி, விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகு அதன் எடை திரையில் தெரிந்து என்ன பயன்?

போலி முனையம் (ஸூடோ டெர்மினல்: நிஜத் திரையும் விசைப்பலகையும் இல்லாமலே செயலிக்கு முனையம்போலத் தெரியும் இணைப்பு) வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். இதற்கு முன் அதைத் தொட்டதில்லை. எங்கே தொடங்குவது?

தறிச்சத்தம் · திங்கள், இரவு 9.31

சோமனூரிலிருந்து வணக்கம். ஒரு வரி எத்தனை பைட்? 24 பைட் அளவில் இருக்கும் என்றால் கணக்கு நேராகிவிடுகிறது. பஃபரின் (தற்காலிகச் சேமிப்பிடத்தின்) அளவான 4096 பைட்டை 24-ஆல் வகுத்தால் 170. வினாடிக்கு ஒரு வரி என்றால் 2 நிமிடம் 50 வினாடி.

லினக்ஸின் மையமான கெர்னலுக்கும் பைப்புக்கும் இதில் பங்கில்லை. சி நூலகம்தான் காரணம். வெளியீடு முனையத்துக்குப் போகிறதா என்று அது முதலில் பார்த்துக்கொள்ளும். முனையம் என்றால் வரி முடிந்ததும் அனுப்பிவிடும். பைப்போ கோப்போ என்றால் பஃபர் நிறையும்வரை கையிலேயே வைத்திருக்கும். ஆள் நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று அவிநாசி ரோட்டில் நிற்கும் ஷேர் ஆட்டோவைப்போல.

போலி முனையத்துக்குப் போகும் முன் எஸ்டிடிபஃப் கட்டளையை முயன்று பாருங்கள். வெளியீட்டை வரிவாரியாக அனுப்பச் சொல்லும் விருப்பத்தேர்வு அதில் இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும்.

பெருந்துறை_எடைமேடை · திங்கள், இரவு 10.02

ஒரு வரி சரியாக 24 பைட்தான் அண்ணா! எஸ்டிடிபஃப் போட்டுப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. செயலி எந்த நூலகங்களைச் சார்ந்தது என்று காட்டும் எல்டிடி கட்டளையைக் கொடுத்தால், இந்தச் செயலி ஸ்டேட்டிக்காக (நூலகங்களையும் தனக்குள்ளேயே சேர்த்து) கட்டப்பட்டது என்று வருகிறது. அதுதான் காரணமா?

தறிச்சத்தம் · திங்கள், இரவு 10.08

அதேதான். எஸ்டிடிபஃப் தன்னுடைய சிறு நூலகத்தை முன்கூட்டியே ஏற்றிவிட்டுத்தான் பஃபரை மாற்றுகிறது. ஸ்டேட்டிக் செயலியில் அது நுழைய வழியில்லை. சி நூலகத்தின் பஃபரையே பயன்படுத்தாத மொழிகளில் எழுதிய செயலிகளிடமும் பலிக்காது. உங்களுக்குப் போலி முனையம் தேவைதான். நொய்யல்கரை அண்ணன் வருவார், பொறுங்கள்.

நொய்யல்கரை · செவ்வாய், காலை 6.40

போலி முனையம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இருக்காது. உங்களுக்குத் தேவைப்படுகிறது; அதனால் விரிவாக எழுதுகிறேன்.

இதைப் பெரிய பைப் என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். பைப்பில் போட்ட பைட் அப்படியே மறுபக்கம் வரும். போலி முனையத்தில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இரண்டு பக்கங்கள். நடுவில் கெர்னலின் லைன் டிசிப்ளின் உட்கார்ந்திருக்கிறது. மாஸ்டரில் நீங்கள் எழுதுவது ஸ்லேவ் பக்கம் இருக்கும் செயலிக்கு விசைப்பலகையில் தட்டியதுபோலப் போய்ச் சேரும். எதிரொலிப்பது, வரியாகச் சேர்த்துக் கொடுப்பது, பேக்ஸ்பேஸை அழிப்பது, மதிப்பு 3 உள்ள பைட் வந்தால் அதைக் கன்ட்ரோல்-சி என்று எடுத்துக்கொண்டு சிக்னல் அனுப்புவது எல்லாம் நடுவில் இருப்பவர் வேலை. இதோடு, ஸ்லேவ் ஒரு செஷனின் (ஒரே முனையத்தைச் சேர்ந்த செயலாக்கங்களின் கூட்டத்தின்) கட்டுப்பாட்டு முனையமாகவும் ஆகிறது. நாளை உங்களுக்கு வரப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளில் அடங்கும். எந்தப் பக்கத்தை யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள்? அந்தச் செஷன் யாருடையது?

வரிசை இதுதான். போசிக்ஸ்_ஓப்பன்பிடி அழைத்து மாஸ்டரைத் திறக்க வேண்டும். படிக்க, எழுத என்ற கொடியோடு, இதை என் கட்டுப்பாட்டு முனையமாக்காதே என்னும் ஓ_நோசிடிடிஒய் கொடியையும் சேருங்கள். லினக்ஸில் இந்த அழைப்பு /டெவ்/பிடிஎம்எக்ஸ் என்ற கோப்பைத் திறக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய மாஸ்டர்-ஸ்லேவ் இணை ஒன்று பிறக்கும். அடுத்து கிராண்ட்பிடி, அதன் பிறகு அன்லாக்பிடி. ஸ்லேவ் பூட்டிய நிலையில்தான் பிறக்கிறது. இந்த அழைப்பைத் தவறவிட்டால் அதைத் திறக்கவே முடியாது. பிறகு பிடிஎஸ்நேம், /டெவ்/பிடிஎஸ்/4 என்பதுபோல ஒரு பெயரைத் தரும். அந்தப் பெயர் நூலகத்தின் பொதுவான நினைவகத்தில் இருப்பதால் பல திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) உள்ள நிரலில் பிடிஎஸ்நேம்_ஆர் என்பதைப் பயன்படுத்துங்கள்.

இனி ஃபோர்க். பிள்ளைச் செயலாக்கம் முதலில் செட்சிட் அழைத்துப் புதிய செஷனுக்குத் தலைவனாக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்லேவைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கட்டுப்பாட்டு முனையம் இல்லாத செஷன் தலைவன் ஒரு முனையத்தைத் திறந்தால், லினக்ஸ் அதையே அவனுடைய கட்டுப்பாட்டு முனையமாக்கிவிடும். பிஎஸ்டி வகை யூனிக்ஸ்களில் டிஐஓசிஎஸ்சிடிடிஒய் என்ற ஐஓசிடிஎல் (சாதனத்துக்குக் கட்டளையிடும் அழைப்பு) கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஓட வேண்டுமானால் அதைக் கொடுத்துவிடுவதே நல்லது. பிறகு ஸ்லேவை 0 (உள்ளீடு), 1 (வெளியீடு), 2 (பிழை வெளியீடு) மூன்றிலும் டப்2 செய்யுங்கள், மிச்சப் பிரதியை மூடுங்கள், மாஸ்டரையும் மூடுங்கள், எக்ஸெக். தாய்ப் பக்கம் ஸ்லேவ் திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

இத்தனையையும் ஒரே அழைப்பில் செய்யும் ஃபோர்க்பிடி என்ற வசதியும் இருக்கிறது. முன்பு லிப்யுட்டில் நூலகத்தைத் தனியாக இணைக்க வேண்டியிருந்தது, ஜிலிப்சி 2.34 முதல் முதன்மை நூலகத்திலேயே வந்துவிட்டது. ஆனால் முதல் தடவை கையால் எழுதுங்கள். ஃபோர்க்பிடி மட்டும் தெரிந்தவர்கள்தான் பிறகு இரவு இரண்டு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள்.

வடக்குப்_பொள்ளாச்சி · செவ்வாய், காலை 8.15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தனை சுற்று எதற்கு? எடைக் காட்டி சீரியலில்தானே பேசுகிறது? அந்தப் பழைய செயலியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சீரியலை நேராகப் படித்தால் நாற்பது வரியில் முடிந்துவிடும். பிணத்துக்கு அலங்காரம் செய்வதுபோல் இருக்கிறது.

பெருந்துறை_எடைமேடை · செவ்வாய், காலை 8.50

சீட்டு அச்சடிப்பது, ஏற்றிய எடையும் வெற்று எடையும் சேர்த்துக் கணக்கு வைப்பது எல்லாம் அந்தச் செயலிதான் ஐயா. வியாபாரிகள் அந்தச் சீட்டின் வடிவத்துக்குப் பழகிவிட்டார்கள். மேடை ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் கைவைக்க உரிமையாளர் ஒப்பவே மாட்டார்.

நொய்யல்கரை · செவ்வாய், காலை 9.05

பொள்ளாச்சிக்காரர் சொல்வது புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் சரி. பெருந்துறைத் தம்பிக்குப் பொருந்தாது. சீரியல் போர்ட்டை இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் படித்தால் பைட்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பறித்துக்கொள்ளும். எடை இரண்டு இடத்திலும் கெட்டுப்போகும்.

பெருந்துறை_எடைமேடை · செவ்வாய், இரவு 11.20

கையாலேயே எழுதிவிட்டேன். வரிகள் அந்தந்த வினாடியில் வருகின்றன. நன்றி, நன்றி!

ஆனால் இரண்டு விசித்திரங்கள். மேடையைப் பூஜ்யமாக்க அந்தச் செயலிக்கு ஓர் எழுத்தும் என்டரும் அனுப்ப வேண்டும். மாஸ்டரில் அதை எழுதியதும் அதே எழுத்து எனக்கே திரும்பி வருகிறது. எடை என்று நினைத்து என் நிரல் அதைப் பிரிக்கப் பார்த்துக் குழம்புகிறது. இரண்டாவது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மதிப்பு 13 உள்ள பைட் ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பைப்பில் இது இல்லை.

தறிச்சத்தம் · செவ்வாய், இரவு 11.34

இரண்டும் நடுவில் இருப்பவரின் வேலைதான். முதலாவது எதிரொலி, அதன் கொடி எக்கோ. இரண்டாவது ஓஎன்எல்சிஆர், வரி முடிவை வண்டித்திரும்பல், புதுவரி என்று இரண்டு பைட்டாக மாற்றி அனுப்புகிறது. முனையத்தின் அமைப்பை டிசிகெட்ஆட்டர் கொண்டு எடுத்து, இந்த இரண்டு கொடிகளையும் அணைத்து, டிசிசெட்ஆட்டர் கொண்டு திரும்ப வையுங்கள். அல்லது சிஎஃப்மேக்ரா ஒன்றைப் போட்டால் எல்லாமே அணைந்துவிடும்.

நொய்யல்கரை · புதன், காலை 6.25

சிஎஃப்மேக்ரா இங்கே வேண்டாம். அது வரியாகச் சேர்த்துக் கொடுப்பதையும் சிக்னல் அனுப்புவதையும் சேர்த்து அணைத்துவிடும். என்டரை வரி முடிவாக மாற்றிக் கொடுப்பதும் நின்றுபோகும். அந்தச் செயலி விசைப்பலகைக்கு முன்னால் மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பி எழுதப்பட்டது. அந்த நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள். எக்கோ, ஓஎன்எல்சிஆர் இரண்டை மட்டும் அணையுங்கள்.

எப்போது அணைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஃபோர்க் முடிந்த பிறகு தாயிலிருந்து அணைத்தால், அதற்குள் செயலி எழுதிவிட்ட முதல் சில வரிகள் பழைய அமைப்பிலேயே வந்துவிடும். பத்தில் ஒரு தடவை மட்டும் தலைகாட்டும் இந்த மாதிரிப் பிழையைத் துரத்துவது பெரும்பாடு. எக்ஸெக்குக்கு முன்னால் பிள்ளைக்குள்ளேயே அணைத்துவிடுங்கள்.

திரை அளவையும் அதே இடத்தில் வையுங்கள். புதிதாகப் பிறந்த இணையில் வரிசையும் நெடுவரிசையும் 0 என்றுதான் இருக்கும். சில செயலிகள் அதைப் பார்த்ததும் 80 என்று எடுத்துக்கொள்ளும். சில தாறுமாறாக மடிக்கும். டிஐஓசிஎஸ்விஞ்ஸ் கொண்டு 24, 80 என்று கொடுத்துவிடுங்கள். ஓடும்போது அளவை மாற்றினால் முன்னணியில் இருக்கும் செயலாக்கக் குழுவுக்குச் சிக்விஞ்ச் என்ற சிக்னல் போகும். உங்களுக்கு அது தேவைப்படாது.

ஓய்வுபெற்ற_ஆசிரியர் · புதன், காலை 11.10

கோபியிலிருந்து ஒரு பழைய ஆள். கிராண்ட்பிடி, அன்லாக்பிடி என்று இந்தச் சடங்கெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பது வழக்கம். ஒரு காரணத்தோடு வந்தவைதான்.

1983-இல் வந்த 4.2 பிஎஸ்டியில் இணைகள் முன்கூட்டியே /டெவ் அடைவில் கோப்புகளாகக் கிடக்கும். மாஸ்டருக்கு பிடிஒய்பி0, ஸ்லேவுக்கு டிடிஒய்பி0 என்று பெயர். யாருக்காவது இணை வேண்டுமானால் பிடிஒய்பி0-ஐத் திறந்து பார்க்க வேண்டும். வேறு யாரோ பிடித்திருந்தால் பிடிஒய்பி1. அதுவும் இல்லையென்றால் பிடிஒய்பி2. காலியானது கிடைக்கும்வரை ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். டெல்நெட்டில் ஒருவர் நுழைந்தாலும் இதே தேடல்தான். பெயர்கள் தீர்ந்தால் அடுத்தவருக்கு இடமில்லை.

அதைவிட மோசம் பாதுகாப்பு. ஸ்லேவ் கோப்பு எப்போதும் அங்கேயே கிடப்பதால், அதன் அனுமதி தளர்வாக இருந்தால் வேறொருவர் முன்கூட்டியே அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவர் தட்டும் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம். அதைத் தடுக்க உரிமையை மாற்ற வேண்டும், அதற்கு ரூட் அதிகாரம் வேண்டும். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியில் வந்த ஒற்றை பிடிஎம்எக்ஸ், உரிமையை மாற்ற கிராண்ட்பிடி, உரிமை மாறும்வரை பூட்டி வைக்க அன்லாக்பிடி என்பதெல்லாம் இதற்கு விடையாகத்தான் வந்தது. இன்றைய லினக்ஸில் டெவ்பிடிஎஸ் என்ற கோப்பு முறைமையே ஸ்லேவை உரிய உரிமையாளர், குழு, அனுமதியோடு பிறப்பித்துவிடுவதால் கிராண்ட்பிடிக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. ஆனாலும் அழைத்துவிடு கண்ணு, மற்ற இடங்களில் தேவைப்படும்.

மனிதன் இருப்பதுபோல நடித்துச் செயலிகளை இயக்குவதற்கென்றே 1990-இல் டான் லைப்ஸ் எக்ஸ்பெக்ட் என்ற கருவியை எழுதினார். நாங்கள் இரவு நேரக் காப்புப் பிரதிக்கு அதைத்தான் வைத்திருந்தோம். அப்போது மின்வெட்டுதான் பெரிய சிக்கல். போலி முனையம் இல்லை.

சரவணம்பட்டி_இரவுப்பணி · புதன், மாலை 6.48

நல்ல இழை. கன்டெய்னர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிபோல ஓட்டும் முறை) உலகத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். இரண்டு வெளியீடுகளையும் ஒரே ஸ்லேவில் கட்டிவிட்டால், சாதாரண வெளியீடும் பிழை வெளியீடும் மாஸ்டரில் ஒன்றாகக் கலந்துதான் வரும். பிறகு எந்த வரி எதைச் சேர்ந்தது என்று பிரிக்கவே முடியாது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் முனையம் கேட்கும் சிறு விருப்பத்தேர்வைப் பழக்கதோஷத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிட்டு, பதிவுக் கோப்பில் பிழைகளைத் தனியாகக் காணோமே என்று எங்கள் குழுவில் மாதத்துக்கு ஒருவராவது கேட்பார்.

பெருந்துறைத் தம்பி, வெளியீட்டுக்கு மட்டும் ஸ்லேவைக் கொடுத்துவிட்டுப் பிழைக்கு ஒரு தனிப் பைப் கொடுக்கலாம். வரி பஃபர் விஷயம் வெளியீடு முனையமா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. பிழை வெளியீட்டுக்கு இயல்பாகவே பஃபர் கிடையாது.

ஓடும் இணைகளின் எண்ணிக்கை /புராக்/சிஸ்/கெர்னல்/பிடிஒய் அடைவில் என்ஆர் என்ற கோப்பில் இருக்கும். உச்ச வரம்பு அதே இடத்தில் மேக்ஸ் என்ற கோப்பில். இயல்பான வரம்பு 4096. என்ஆர் ஏறிக்கொண்டே போனால் எங்கோ மாஸ்டரை மூட மறந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

பெருந்துறை_எடைமேடை · புதன், இரவு 10.30

அக்கா சொன்னபடி பிழையைப் பிரித்துவிட்டேன். எக்கோவும் போய்விட்டது.

அடுத்தது இது. செயலி தானாக முடியும்போது மாஸ்டரில் ரீட் 0 தரும், அதைப் பார்த்து வெளியேறலாம் என்று எழுதியிருந்தேன். 0 வருவதில்லை, -1 வருகிறது, பிழை எண் ஈஐஓ (உள்ளீடு, வெளியீட்டுப் பிழை). வன்தட்டு கெட்டுவிட்டதோ என்று பயந்தே போனேன்.

தறிச்சத்தம் · புதன், இரவு 10.41

வன்தட்டு நலமாக இருக்கிறது. ஸ்லேவைத் திறந்து வைத்திருந்த கடைசி ஆளும் போய்விட்டால், லினக்ஸில் மாஸ்டரின் ரீட் ஈஐஓ தரும். மேக், பிஎஸ்டி வகைகளில் 0 தரும். இரண்டையும் "முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளுங்கள். போல் (poll) என்ற, தரவுக்காகக் காத்துப் பார்க்கும் அழைப்பைப் பயன்படுத்தினால் போல்ஹப் (எதிர்ப்பக்கம் மூடியது) வரும். அதைப் பார்த்ததும் உடனே மூடிவிடாதீர்கள். அதோடு போல்இன் (படிக்கத் தரவு இருக்கிறது) என்பதும் சேர்ந்து வரலாம். படிக்க மிச்சம் இருப்பதைப் படித்துத் தீர்த்த பிறகே மூட வேண்டும்.

ஒரு குறுக்குவழி: தாயும் ஸ்லேவின் ஒரு பிரதியைத் திறந்தே வைத்திருந்தால் இந்த ஈஐஓ எப்போதும் வராது. செயலியை நிறுத்தி மறுபடி ஓட்டும்போதும் அதே இணையைப் பயன்படுத்தலாம்.

நொய்யல்கரை · வியாழன், காலை 6.10

அந்தக் குறுக்குவழியை இங்கே எடுக்காதீர்கள். தாய் ஸ்லேவைப் பிடித்திருந்தால் செயலி செத்தாலும் உங்கள் ரீட் அசையாமல் காத்துக்கொண்டே இருக்கும். திரையில் பழைய எடை அப்படியே நிற்கும். எடைமேடையில் பழைய எடை நிற்பதைவிட, எடையே இல்லை என்று காட்டுவது மேல். ஈஐஓ உங்களுக்குக் கிடைக்கும் மரணச் செய்தி; அதை அடைத்துவிடாதீர்கள்.

தறிச்சத்தம் · வியாழன், காலை 7.02

இந்த இடத்துக்கு ஏற்றுக்கொள்கிறேன். போலிக் கருவி செய்து சோதிக்கும்போது என் வழிதான் வசதி. அங்கே எதிர்ப்பக்கம் வரும், போகும். ஒவ்வொரு தடவையும் ஈஐஓ வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்க முடியாது.

நொய்யல்கரை · வியாழன், காலை 7.15

சோதனைக்குச் சரி.

பெருந்துறை_எடைமேடை · வியாழன், இரவு 9.55

இன்னொன்று. என் நிரலைக் கொன்றால் மாஸ்டர் மூடப்படும், உடனே செயலிக்குச் சிக்ஹப் (முனையம் அறுந்தது என்னும் சிக்னல்) போய் அதுவும் முடிந்துவிடும் என்று மேன் பக்கத்தில் (லினக்ஸ் கையேட்டில்) படித்தேன். சில நேரம் அப்படித்தான் நடக்கிறது. சில நேரம் செயலி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அது சீரியலைப் பிடித்திருப்பதால் புதிதாகத் தொடங்கும் செயலிக்குப் போர்ட் கிடைப்பதில்லை. வரிசையில் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.

நொய்யல்கரை · வியாழன், இரவு 10.20

மூன்றைப் பாருங்கள்.

பிஎஸ் கட்டளையில் அந்தச் செயலியின் முனையம் என்ன என்று பாருங்கள். பிடிஎஸ்/4 மாதிரி இருந்தால் சரி. கேள்விக்குறி இருந்தால் அதற்குக் கட்டுப்பாட்டு முனையமே இல்லை. சிக்ஹப் யாருக்கும் போகாது. செட்சிட் வரிசையைச் சரிபாருங்கள்.

அடுத்து, உங்கள் நிரல் செத்த பிறகு மாஸ்டரை வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா? மாஸ்டரின் கடைசிப் பிரதி மூடினால்தான் சிக்ஹப். /புராக் அடைவில் ஒவ்வொரு செயலாக்கத்தின் எஃப்டி அடைவையும் (அது திறந்து வைத்திருப்பவற்றின் பட்டியலை) பார்த்தால் பிடிஎம்எக்ஸைப் பிடித்திருப்பவர் தெரிந்துவிடுவார். உங்கள் நிரல் வேறு ஏதாவது துணைச் செயலியைத் தொடங்குகிறதா?

இவை இரண்டும் சரியாக இருந்தால் மூன்றாவது: அந்தச் செயலியே சிக்ஹப்பைப் புறக்கணிக்கிறது.

பெருந்துறை_எடைமேடை · வியாழன், இரவு 11.05

இரண்டாவதுதான்! கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப ஒரு சிறு ஷெல் நிரலை என் நிரல் அவ்வப்போது தொடங்குகிறது. இணையம் மெதுவாக இருக்கும்போது அது நெடுநேரம் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் எஃப்டி அடைவில் 5 என்ற எண்ணில் பிடிஎம்எக்ஸ் இருக்கிறது. அது இதை எப்படிப் பெற்றது?

சரவணம்பட்டி_இரவுப்பணி · வியாழன், இரவு 11.12

ஃபோர்க் செய்தால் திறந்திருக்கும் அத்தனை ஃபைல் டிஸ்கிரிப்டரும் பிள்ளைக்குப் போகும். எக்ஸெக் ஆனாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். மாஸ்டரைத் திறக்கும்போதே, எக்ஸெக் ஆனதும் தானாக மூடச் சொல்லும் ஓ_கிளோஎக்ஸெக் கொடியைச் சேருங்கள், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். திறந்த பிறகு எஃப்சிஎன்டிஎல் கொண்டு வைக்கலாம்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் வேறொரு திரெட் ஃபோர்க் செய்தால் கசிந்துவிடும்.

பெருந்துறை_எடைமேடை · வெள்ளி, மதியம் 1.30

கொடியைச் சேர்த்தேன். காலையிலிருந்து வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கொன்று பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் செயலி கூடவே முடிகிறது, போர்ட் விடுபடுகிறது.

வீட்டில் எடைமேடை இல்லாமல் இதைச் சோதிக்க முடியுமா? தறிச்சத்தம் அண்ணன் போலிக் கருவி என்றாரே?

தறிச்சத்தம் · வெள்ளி, மாலை 5.45

முடியும். சோகேட் என்ற கருவி இரண்டு போலி முனையங்களைப் பிறப்பித்து ஒன்றோடொன்று கட்டிக் கொடுக்கும். ஒன்றைச் சீரியல் போர்ட் என்று செயலியிடம் காட்டுங்கள். மற்றொன்றில் எடைக் காட்டி பேசுவதுபோல உங்கள் சோதனை நிரல் எழுதட்டும். பிடிஎஸ் எண் ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால் லிங்க் என்ற விருப்பத்தேர்வில் நிலையான பெயர் கொடுத்துவிடுங்கள்.

சில எச்சரிக்கைகள். ஸ்லேவில் 9600 பாட் என்று வைத்தால் அது தலையாட்டும், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தாது. நிஜக் கம்பியில் 9600 என்றால் தொடக்க, நிறுத்தப் பிட்டுகளையும் சேர்த்து வினாடிக்கு 960 பைட். உங்கள் 24 பைட் வரி வந்து சேர 25 மில்லிவினாடி ஆகும். நிஜத்தில் வரி துண்டு துண்டாக வரும். போலியில் முழுசாக வந்து விழும். அதனால் சோதனை நிரலில் வேண்டுமென்றே ஏழெட்டு பைட் எழுதி, கொஞ்சம் தூங்கி, பிறகு மிச்சத்தை எழுதச் சொல்லுங்கள். பாதி எடையை முழு எடை என்று நம்பும் பிழை அப்போதுதான் வெளியே வரும். 12340 கிலோ ஏற்றிய லாரிக்கு 123 கிலோ என்று சீட்டு வந்தால் வியாபாரிக்குச் சந்தோஷம், உங்கள் உரிமையாளருக்கு இருக்காது. மோடம் கம்பிகளின் நிலையைக் கேட்கும் அழைப்பு போலி முனையத்தில் தோல்வியடையும். அதைக் கட்டாயம் எதிர்பார்க்கும் செயலியாக இருந்தால் இந்த வழி உதவாது.

இன்னொன்று, பைட்டுகளை மாற்றாமல் அப்படியே விடச் சொல்லும் ரா என்ற விருப்பத்தேர்வை விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தறிக்கூடத்தில் கருவியின் சரிபார்ப்பு பைட் எப்போதாவது 19 என்று அமையும். 19 என்பது கன்ட்ரோல்-எஸ். இயல்பான அமைப்பில் லைன் டிசிப்ளின் அந்தப் பைட்டை விழுங்கிவிட்டு, எதிர்த்திசையில் போகும் வெளியீட்டையும் நிறுத்திவைத்துவிடும். எப்போதாவது மட்டும் உறைந்துபோகும் செயலியை வைத்துக்கொண்டு அங்கே எல்லோரும் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வடக்குப்_பொள்ளாச்சி · வெள்ளி, இரவு 8.20

இதெல்லாம் விண்டோஸில் உண்டா? எங்கள் தென்னை மட்டைத் தொழிற்சாலையில் விண்டோஸ்தான்.

சரவணம்பட்டி_இரவுப்பணி · வெள்ளி, இரவு 8.44

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து கான்பிடிஒய் என்ற பெயரில் உண்டு. கிரியேட்சூடோகன்சோல் என்ற அழைப்பு. அதற்கு இரண்டு பைப்புகளை நீங்களே கொடுக்க வேண்டும். செஷன், சிக்ஹப் கதையெல்லாம் அங்கே வேறு. தனி இழை தொடங்குங்கள். இங்கே கலந்தால் இரண்டும் புரியாது.

பெருந்துறை_எடைமேடை · சனி, காலை 10.05

கடைசியாக ஒன்று. ஈஐஓ வந்ததும் வெயிட்பிட் அழைத்துப் பிள்ளையின் முடிவு நிலையை வாங்குகிறேன். இது போதும்தானே?

நொய்யல்கரை · சனி, காலை 10.40

பெரும்பாலும் போதும். ஆனால் ஈஐஓ சொல்வது, ஸ்லேவை இப்போது யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்பதைத்தான். பிள்ளை செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. தன் மூன்று பக்கங்களையும் மூடிவிட்டுப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியாக இருந்தால் வெயிட்பிட் அங்கேயே நின்றுவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: பிள்ளை செத்திருக்கும், அது பெற்ற பேரப்பிள்ளை ஸ்லேவைப் பிடித்திருக்கும், ஈஐஓ வரவே வராது. அதனால் வெயிட்பிட்டைக் காத்திருக்காத வகையில் அழைத்து, சிக்சைல்ட் (பிள்ளை முடிந்தது என்னும் சிக்னல்) வரும்போதும் ஒரு தடவை பாருங்கள். இரண்டு செய்தியும் வந்தால்தான் முடிந்தது என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் வந்து ஐந்து வினாடி கடந்தால் அந்தச் செயலாக்கக் குழுவுக்கு முடித்துக்கொள் என்னும் சிக்டெர்ம் சிக்னலை நீங்களே அனுப்பிவிடுங்கள்.

பெருந்துறை_எடைமேடை · சனி, பகல் 12.15

பேரப்பிள்ளை இருக்கிறது அண்ணா. சீட்டு அச்சடிக்க அந்தச் செயலி தனியாக ஒன்றைத் தொடங்குகிறது. அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்தால் அது அப்படியே நிற்கிறது. குழுவுக்கு அனுப்பும்படி மாற்றிவிட்டேன். இப்போது காகிதத்தை உருவிவிட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.